கர்நாடக வயலின் படிக்கிற பிள்ளையோட சிம்பனி கச்சேரிக்குப் போறம், என்னத்தைக் கவனிச்சுக் கேக்கிறது?

நல்லூர் அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்ர மகளுக்கு 13 வயசு, சின்னனில இருந்து வயலின் படிக்கிறா, வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினை தரம் 4 முடிச்சு இப்ப அடுத்ததுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறா. அடுத்த மாசம் கொழும்பில ஒரு ஓர்கெஸ்ட்ரா கச்சேரி இருக்காம், வெளிநாட்டில இருந்து வயலின் தனியா வாசிக்கிற ஒருத்தரும் ஒரு கொண்டக்டரும் விருந்தாளியா வருகினமாம், என்ர தம்பி நோட்டீசை வட்சப்பில அனுப்பினான். அதைப் பாத்த நேரம் துவக்கம் பிள்ளை "அம்மா போவமோ, போவமோ" எண்டு நிக்கிறா.

நோட்டீசில மூண்டு உருப்படி போட்டிருக்கு. முதல் பீத்தோவனின்ர எக்மொன்ட் ஓவர்ச்சர் எண்ட துவக்க இசை, பிறகு மென்டல்சனின்ர ஈ மைனர் வயலின் கொன்சேர்ட்டோ, அதெண்டால் தனி வயலினும் ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிறது, இடைவேளைக்குப் பிறகு பீத்தோவனின்ர ஏழாவது சிம்பனி. இதில ஒண்டையும் நான் முழுசாக் கேட்டதில்லை. நான் கச்சேரி கேட்டு வளர்ந்தது நல்லூர்த் திருவிழாக் காலத்திலயும் வீரசிங்கம் மண்டபத்திலயும் தான், வாய்ப்பாட்டெண்டால் என்ன ராகம் எண்டு ஓரளவுக்குப் பிடிச்சிடுவன், இது எனக்குப் புதுசு.

கேக்க நினைச்சது இதுதான். ராகம் இல்லை, கமகம் இல்லை, மிருதங்கம் இல்லை, அப்ப காது எதைப் பிடிச்சுக்கொண்டு போறது? அந்தக் கொண்டக்டர் உண்மையில என்ன செய்யிறார், எல்லாற்ற முன்னாலயும் நோட்டு இருக்கேக்க அவர் ஏன் தேவை? கை எப்ப தட்டுறது? பிறகு எங்கட சொந்தத்துக்க ஒரு அக்கா சொல்லுறா, சோதினைக்கு முன்னால உதுகளைக் கேட்டால் பிள்ளையின்ர சுரஸ்தானம் குழம்பும், நாடியில வைச்சு வாசிக்கிறதைப் பாத்தால் கை பழுதாப் போகும் எண்டு. அது உண்மையோ? பஸ் காசு, ரிக்கெற், விடுபடுற பள்ளிக்கூடம் எல்லாம் பாத்தால் சும்மா போய் இருந்திட்டு வாற விசயமில்லை, அதான் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கிறன்.

வெள்ளவத்தைப் பெடியன்:

அக்கா ஒண்டும் யோசிக்காமக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் ஊர் உரும்பிராய், இப்ப வேலை கொழும்பில, இப்பிடிக் கச்சேரியள் வந்தால் விடுறதில்லை. இலங்கை சிம்பனி ஓர்கெஸ்ட்ரா 1958 இல இருந்து இருக்கு, ஆனா எங்கட ஆக்கள் அந்தப் பக்கம் போறது குறைவு, கன பேர் அது எங்களுக்கில்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம், அப்பிடி ஒண்டுமில்லை, வாசல்ல ஒருத்தரும் உங்களுக்கு என்ன தெரியும் எண்டு கேக்கிறதில்லை.

ஒரே விசயம், நேரம். ஏழு மணி எண்டு போட்டால் ஏழு மணிதான். வாசிக்கத் துவங்கினால் கதவைச் சாத்திப்போடுவினம், அந்த உருப்படி முடியிற வரைக்கும் வெளியில தான் நிக்கோணும். அதைவிட கொஞ்சம் முந்தியே போய் இருங்கோ, ஓபோ எண்டு ஒரு குழல், அதுதான் ஏ எண்ட சுரத்தைக் குடுக்கும், மற்ற எல்லாரும் அதுக்குச் சேர்ப்பினம். எனக்கு அந்தச் சத்தமே பெரிய சந்தோசம். கை தட்டுற விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லட்டும், பக்கத்தில இருக்கிறவை தட்டேக்க தட்டினால் காணும்.

தந்தி நாலு:

தங்கச்சி, நான் இணுவில் பக்கம், கன காலமா வயலின் படிப்பிக்கிறன். உங்கட கடைசிக் கேள்விக்கு முதல்ல மறுமொழி சொல்லுறன், ஏனெண்டால் அந்தப் பயத்தால எத்தினையோ பிள்ளையளை வீட்டில மறிச்சு வைச்சிருக்கினம்.

சுரஸ்தானம் குழம்பாது. தரம் 4 முடிச்ச பிள்ளைக்கு காதில ச பதிஞ்சிருக்கும், ஒரு பின்னேரக் கச்சேரி அதை அழிக்காது. கையும் பழுதாப் போகாது. நாங்கள் சம்மணம் கொட்டி இருந்து வயலின்ர தலையைக் காலில ஊண்டி வைக்கிறம், அதால இடது கை வயலினைத் தாங்கத் தேவையில்லை, வழுக்கிப் போற ஜாருவுக்கும் கமகத்துக்கும் கை தாராளமா மேல கீழ ஓடும். மேற்கத்தைய வயலின்காரர் தோளில வைச்சு நாடியால பிடிக்கினம். நாடி வைக்கிற அந்தக் கட்டையே பழசில்லை, 1820 அளவில ஷ்போர் எண்ட ஜேர்மன் வயலின்காரர் கொண்டுவந்தது. அவையின்ர கையில நாலு விரலும் ஒரு இடத்தில நிலையா நிண்டு வேலை செய்து பிறகு ஒரே பாய்ச்சலா அடுத்த இடத்துக்குப் போகும், எங்கடை வழுக்கிக்கொண்டு போகும். பிள்ளை இதை நேரில பாத்தால் தான் ஏன் இப்பிடி இருக்கிறம் எண்டது தன்ர கைக்கே விளங்கும். அவை ஒரு சுரத்தில நிண்டு விரலை ஆட்டுறது கமகமில்லை, அது அந்தச் சுரத்தைச் சுத்தியே நிக்கும், கமகம் ஒரு சுரத்தில இருந்து மற்றச் சுரத்துக்குப் போய்த் தொட்டு வரும். அதைப் பிள்ளையே பிரிச்சுப் பாப்பா.

குழப்பம் வாறதெண்டால் வேற இடத்தில வரும், அதை முன்னமே சொல்லி வையுங்கோ. எங்கட சங்கீதத்தில ச அசையாது. தம்புரா போட்டால் மங்களம் பாடுமட்டும் அதே ச. அங்க தம்புரா இல்லை, ச இடம் மாறும். மென்டல்சனின்ர கொன்சேர்ட்டோ ஈ மைனர்ல துவங்குது, எங்கட காதுக்கு அது நடபைரவிக்குக் கிட்ட, இடையிடை கீரவாணி மாதிரி பெரிய நிஷாதம் வரும். கொஞ்ச நேரத்தால ஜி மேஜர் எண்ட இடத்துக்குப் போகும். அதெண்டால், முதல் காந்தாரமா இருந்த சுரம் இப்ப ச. நடபைரவியின்ர காந்தாரத்தை ச ஆக்கினால் சங்கராபரணம் எண்டு கிரகபேதம் படிச்ச பிள்ளைக்குத் தெரியும், அதுதான் அங்க நடக்குது, ஆனா எங்களை மாதிரிச் சொல்லிப்போட்டுச் செய்யமாட்டினம், நடந்துகொண்டே மாறிவிடும்.

இனி முக்கியமானது. அந்த ஜி மேஜர் இடம் வரேக்க மெட்டை வாசிக்கிறது தனி வயலின் இல்லை. கிளாரினெட்டும் புல்லாங்குழலும் மெதுவா வாசிக்கும். அப்ப மேடையில எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிற அந்த விருந்தாளி என்ன செய்யிறார் எண்டால், தன்ர ஆகக் கீழ்த் தந்தியை, ஜி தந்தியை, விரல் வைக்காம அப்பிடியே நீளமா இழுத்துக்கொண்டு நிப்பார். சுருதி பிடிக்கிறார்! தனி வாசிக்க வந்த ஆள் மற்றவைக்குச் சுருதி பிடிக்கிறார். நான் முதல் முதல்ல ஒலிநாடாவில இதைக் கேட்டுப்போட்டுத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான். பிள்ளைக்கு இந்த ஒண்டை மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாலே போதும், அவ அந்த இடத்துக்குக் காத்திருப்பா.

இன்னுமொண்டு. வயலின் எங்களிட்ட வந்ததே இப்பிடிக் கேட்டுத் தான். முத்துஸ்வாமி தீட்சிதற்ற தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், 1786 இல பிறந்தவர், மதராசில ஒரு ஐரோப்பியரிட்டப் போய் வயலின் படிச்சு எங்கட சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். தமையனார் இங்கிலீசுக்காரற்ற மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரம் செய்தார், பிரித்தானிய தேசிய கீதத்தின்ர மெட்டுக்கே சம்ஸ்கிருதத்தில சாகித்தியம் போட்டிருக்கிறார். உங்கட மகளும் நோட்டுஸ்வரம் வாசிச்சிருப்பா. கேட்டால் குழம்பும் எண்டு அவை பயந்திருந்தால் இண்டைக்கு எங்கட கையில வயலின் இல்லை.

நல்லூர் அம்மா:

ஐயா கனக்க நன்றி, அந்த ஜி தந்தி விசயத்தை வாசிச்ச உடன பிள்ளை வயலினை எடுத்துக்கொண்டு வந்து இருந்திட்டா, தான் கீழ்ச் ச வைப் பிடிக்கிறாவாம் நான் பாடோணுமாம். இரவுச் சமையல் நிண்டுபோச்சு.

கொண்டக்டர் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை. மூண்டு உருப்படியிலயும் அவர் ஒரே வேலையோ செய்யிறார்?

ரொறன்ரோ வியோலா:

வணக்கம் தங்கச்சி, நான் சாவகச்சேரி, இப்ப ரொறன்ரோ. இஞ்ச ஒரு சமூக ஓர்கெஸ்ட்ராவில வியோலா, அதெண்டால் வயலினை விடக் கொஞ்சம் பெரிசான, சத்தம் கீழ இருக்கிற வாத்தியம், வாசிக்கிறன், வேலை முடிஞ்சு பின்னேரத்தில கூடி வாசிக்கிற ஆக்கள் தான், பெரிய ஆக்களில்லை. ஆனா கொண்டக்டருக்கு முன்னால இருந்து பாத்த ஆள் எண்டபடியால் சொல்லலாம்.

மேடையில பின்னால ட்ரம்பெட்டும் டிம்பனி எண்ட மேளமும், முன்னால வயலின், இடையில 12, 15 மீற்றர் தூரம் வரும். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் தான் போகுது, அப்ப பின்னால அடிச்சது முன்னால வந்து சேர கிட்டத்தட்ட 40 மில்லிசெக்கன் பிடிக்கும். சின்னன் தான், ஆனா வேகமான இடத்தில காதை நம்பி வாசிச்சால் எல்லாம் கலையும். அதால நாங்கள் காதாலயும் வாசிக்கிறம் கண்ணாலயும் வாசிக்கிறம், அந்தக் கண்ணுக்குத் தான் அவற்ற கை. கச்சேரியில மிருதங்கக்காரர் பாடுறவற்ற முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பார், நாலைஞ்சு பேர் எண்டால் அது சரிவரும், அறுபது எழுபது பேர் ஒராளின்ர முகத்தைப் பாக்கேலாது.

வலது கை தாளம். ஆனா கை கீழ விழுற இடத்தை விட மேல போற விதத்தைப் பாக்கச் சொல்லுங்கோ பிள்ளையை. அடுத்த அடி எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், மெல்லிசோ முரடோ எண்டது எல்லாம் அந்த மேல போற கையில இருக்கு, சத்தம் பிறகு தான் வரும். இடது கை ஆர் உள்ளுக்க வரோணும், ஆர் குறைக்கோணும் எண்டு காட்டும். அவற்ற பெரிய வேலை ஒத்திகையில முடிஞ்சிடும், கச்சேரியில நீங்கள் பாக்கிறது மிச்சம். விருந்தாளியா வாற கொண்டக்டர் எண்டால் அதிலயும் கஷ்டம், அந்த ஓர்கெஸ்ட்ராவின்ர பழக்கவழக்கம் அவருக்குத் தெரியாது, கிடைக்கிற கொஞ்ச ஒத்திகைக்குள்ள தான் நினைச்ச சத்தத்தை அவையிட்ட இருந்து எடுக்கோணும், தனி வாசிக்கிறவர் அதிலயும் கடைசி ஒத்திகையளுக்குத் தான் பெரும்பாலும் வந்து சேருவார்.

உங்கட கேள்விக்கு வாறன், ஒரே வேலை இல்லை. ஓவர்ச்சரிலயும் சிம்பனியிலயும் அவர் நடத்துறார், கொன்சேர்ட்டோவில அவர் பின்னால போறார். தனி வாசிக்கிறவர் ஒரு சுரத்தில கொஞ்சம் கூடுதலா நிண்டிட்டால் அறுபது பேரையும் அவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருக்கிறது அவற்ற கை. மென்டல்சனில இது துவக்கத்திலேயே தெரியும். பீத்தோவனின்ர வயலின் கொன்சேர்ட்டோ எண்டால் ஓர்கெஸ்ட்ரா மூண்டு நிமிசம் அளவில வாசிச்ச பிறகு தான் வயலின் வரும், மென்டல்சனில ஒண்டரை பார் (தாளத்தின்ர ஒரு சுத்துத் தான் ஒரு பார்) போறதுக்கிடையில வயலின் உள்ளுக்க வந்திடும், கொண்டக்டர் கை தூக்கிறதுக்கு முதல் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒருக்காப் பாப்பினம், அந்தப் பார்வையைத் தவற விடாதேங்கோ. கடைசி மூவ்மென்ட், அதெண்டால் உருப்படியின்ர கடைசிப் பகுதி, சரியான வேகம், அதில கொண்டக்டர் நோட்டைப் பாக்கிறதை விட தனி வாசிக்கிறவற்ற வில்லைப் பாக்கிறது தான் கூட.

இந்தக் கொன்சேர்ட்டோ இப்பிடி ஒட்டி வாறதுக்கு ஒரு காரணமிருக்கு. மென்டல்சன் அதை எழுதினது தன்ர ஓர்கெஸ்ட்ராவில முதல் வயலினா இருந்த ஃபெர்டினாண்ட் டேவிட் எண்ட கூட்டாளிக்கு. 1838 இலயே எழுதித் தாறன் எண்டு கடிதம் போட்டவர், முடிச்சது 1844 இல, ஆறு வருசம். இடையில எந்த இடம் கையில வரும் எந்த இடம் வராது எண்டு அவரிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினார். முதல் அரங்கேறினது 1845 மார்ச் 13, லைப்சிக்கில, அண்டைக்கு மென்டல்சனுக்குச் சுகமில்லை, நீல்ஸ் கேட எண்டவர் தான் கொண்டக்ட் பண்ணினவர்.

தந்தி நாலு அண்ணை சொன்னதில ஒண்டை மட்டும் நான் ஒப்புக்கொள்ளேல்லை. நடபைரவி, கீரவாணி எண்டு பேர் போட்டுக் கேக்கத் துவங்கினால் பிள்ளையின்ர காது மேல போற மெட்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கும், கீழ நாங்கள் நாலு வரிசை செய்யிறது ஒண்டும் கேக்காது. இந்தச் சங்கீதத்தின்ர சாரமே அந்தக் கீழ இருக்கிறது தான். பேரை வீட்டில வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ.

தந்தி நாலு:

தம்பி, நீங்கள் சொன்ன கொண்டக்டர் விளக்கம் நல்லா இருந்தது, நானும் படிச்சுக்கொண்டன். ஆனா பேர் விசயத்தில விடமாட்டன். எங்கட பிள்ளையளுக்குச் சங்கீதத்துக்குள்ள போற வழி ராகம் தான், தெரிஞ்ச ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு தான் தெரியாததுக்குப் போகலாம். ஒண்டையும் பிடிக்காம நாப்பது நிமிசச் சிம்பனிக்க போய் இரு எண்டு 13 வயசுப் பிள்ளைக்குச் சொன்னால் பத்து நிமிசத்தில நித்திரை.

வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியத்தைப் பாருங்கோ. 1947 இல பிறந்தவர், சின்ன வயசு யாழ்ப்பாணத்தில, தகப்பனார் லட்சுமிநாராயணா இஞ்ச வயலின் படிப்பிச்சவர். 1958 கலவரத்தோட குடும்பமா மதராசுக்குப் போயிட்டினம். மேல ஒரு தம்பி கொழும்பு ஓர்கெஸ்ட்ரா துவங்கின வருசம் 1958 எண்டு எழுதியிருந்தார், அதே வருசம் தான். சுப்பிரமணியம் பிறகு 1985 இல நியூயோர்க் ஃபில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவுக்கு முன்னால தான் எழுதின உருப்படியைத் தானே தனி வயலினா வாசிச்சார், கொண்டக்டர் பம்பாயில பிறந்த சுபின் மேத்தா. ராகத்தைக் கையில வைச்சுக்கொண்டு தான் அந்த மேடைக்குப் போனவர், வீட்டில வைச்சிட்டுப் போகேல்லை.

உடுவில் குயில்:

நான் சங்கீதம் படிப்பிக்கிற ஆள் இல்லை, கோயில் பாடகர் குழுவில சின்னனில இருந்து ஆல்ட்டோ எண்ட கீழ்க் குரல் பாடுறன், எங்கட கோயில் எண்டு சொன்னது தேவாலயம். இந்தச் சண்டையில நான் ரொறன்ரோ அண்ணையின்ர பக்கம்.

ஏனெண்டால் ஆல்ட்டோ பாடுறவைக்கு மெட்டு கிடைக்கிறதே இல்லை. மெட்டு எப்பவும் மேல் குரலான சொப்ரானோவுக்கு, நாங்கள் ஒரே ரெண்டு மூண்டு சுரத்துக்க நிண்டு சுத்துறது. தனியப் பாடிப் பாத்தால் ஒண்டுமில்லாத மாதிரி இருக்கும், நாலு குரலும் சேரேக்க எங்கட அந்த ஒரு சுரம் அரைச் சுரம் இறங்கினதில முழுப் பாட்டும் அழத் துவங்கும். அது ராகத்துக்க இல்லை, சேர்க்கையில இருக்கு. சுப்பிரமணியம் ஐயா பற்றிச் சொன்னது பெருமையான விசயம், ஆனா அவர் வாசிக்கப் போன ஆள், நாங்கள் கேக்கப் போற பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறம். வழி ஒண்டு வேணுமெண்டால் இப்பிடிச் செய்யுங்கோ அக்கா, ஒவ்வொரு மூவ்மென்ட்டுக்கும் ஒரு வாத்தியத்தைத் தெரிவு செய்யச் சொல்லுங்கோ பிள்ளையை. இதில செல்லோவை மட்டும், அடுத்ததில ஓபோவை மட்டும், மெட்டு எங்க போனாலும் நான் இந்த ஆளை விடமாட்டன் எண்டு. நித்திரை வராது.

கை தட்டுறதுக்கு வாறன். கொன்சேர்ட்டோவில மூண்டு மூவ்மென்ட், சிம்பனியில நாலு. இப்ப இருக்கிற வழக்கம், எல்லா மூவ்மென்ட்டும் முடிஞ்ச பிறகு தான் தட்டுறது, இடையில சத்தமில்லாம இருக்கிறது. முந்தி அப்பிடி இல்லை. ஏழாவது சிம்பனி 1813 டிசம்பர் 8 வியன்னாவில பீத்தோவனே கொண்டக்ட் பண்ணி முதல் வாசிக்கேக்க ரெண்டாவது மூவ்மென்ட் முடிஞ்ச கையோட சனம் தட்டித் தட்டி அதைத் திருப்பி வாசிக்க வைச்சது. ஆனபடியால் ஆராவது இடையில தட்டினால் அது பெரிய குற்றம் ஒண்டுமில்லை, பிள்ளையை வெக்கப்படுத்தாதேங்கோ.

மென்டல்சனில அந்தக் கேள்வியே வராது, மூண்டும் நிப்பாட்டாம ஓடும். முதல் மூவ்மென்ட் பெரிய சத்தத்தோட முடியும், எல்லாரும் நிப்பாட்டிவிடுவினம், ஆனா பஸூன் எண்ட தடிச்ச குழல் ஒண்டு மட்டும் தன்ர சுரத்தை விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். கலியாண வீட்டில எல்லாரும் வெளிக்கிட்ட பிறகும் ஒராள் படலையடியில நிண்டு கதைக்கிறது மாதிரி. தந்தி நாலு ஐயாவின்ர கணக்கில பாத்தால் அது பஞ்சமம். அதில நிண்டு மெல்ல அரைச் சுரம் மேல ஏறும், அந்த ஏறின இடம் தான் ரெண்டாவது மூவ்மென்ட்டின்ர புது ச, சி மேஜர். ச எப்பிடி இடம் மாறுது எண்டு பிள்ளைக்குக் காட்ட இதைவிட வடிவான இடம் இல்லை, ஒரே ஒரு வாத்தியம், ஒரே ஒரு அடி.

தந்தி நாலு:

பஸூன் விசயம் நல்ல விளக்கம் பிள்ளை, நானே அதை அப்பிடி யோசிக்கேல்லை. ஆனாலும் சொல்லுறன், பஞ்சமம் எண்டு பேர் போட்டதால தானே உங்களுக்கும் சொல்ல வந்தது!

ரொறன்ரோ வியோலா:

அண்ணை அது சரி, அந்த இடத்தில பேர் உதவுது, அதை ஒப்புக்கொள்ளுறன். ஆனா ஏழாவதின்ர ரெண்டாவது மூவ்மென்ட்டில ஒரு பேரும் உதவாது, அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதாம விடேலாது, ஏனெண்டால் வியோலாக்காரருக்குச் சீவியத்தில கிடைக்கிற பெரிய கொடை அது.

குழல்களும் ஹோர்னும் ஒரே ஒரு கோர்ட், அதெண்டால் கன சுரம் ஒண்டாச் சேர்ந்தது, வாசிச்சு மங்கும். பிறகு கீழ்த் தந்தி வாத்தியங்கள் மட்டும், வியோலா, செல்லோ, டபிள் பேஸ். மெட்டு எண்டு சொல்ல ஒண்டுமில்லை, கனநேரத்துக்கு ஒரே சுரம், தாளம் தான் இருக்கு. தாம் தக தாம் தாம், தாம் தக தாம் தாம். மிருதங்கச் சொல்லுத் தெரிஞ்ச பிள்ளை ரெண்டாவது சுத்திலேயே பிடிச்சிடுவா, தொடையில தட்டத் துவங்குவா, தட்டட்டும், சத்தம் வராமத் தட்டச் சொல்லுங்கோ. அடுத்த சுத்தில அந்தத் தாளத்தை ரெண்டாவது வயலின் வரிசைக்காரர் எடுத்துவிடுவினம், அப்ப வியோலாவும் செல்லோவும் அதுக்குக் கீழ புதுசா ஒரு நீளப் பாட்டைத் துவங்கும். மேல பழசு, கீழ புதுசு. பிறகு முதல் வயலின் பழசை எடுக்கும், ரெண்டாவது வயலின் எங்கட பாட்டை எடுக்கும். இப்பிடி ஒவ்வொரு படியா ஏறி முழு ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து, குழல்கள் அதே தாம் தக தாம் தாம் வாசிக்கேக்க நெஞ்சு அடைக்கும். ஒத்திகையில எத்தினை தரம் வாசிச்சாலும் அந்த ரெண்டாவது சுத்துத் துவங்கேக்க எங்கட வரிசையில எல்லாரும் நிமிர்ந்து இருப்பினம்.

பிள்ளைக்குச் சொல்லுங்கோ, எல்லாரும் மேல வயலினைப் பாத்துக்கொண்டிருக்கேக்க அவ நடுவில இருக்கிற வியோலாவைப் பாக்கட்டும். கீழ இருக்கிற பாட்டைப் பிடிச்சிட்டா எண்டால் இந்தச் சங்கீதம் அவவுக்குக் கிடைச்ச மாதிரித் தான், மிச்சம் எல்லாம் தானா வரும்.

நல்லூர் அம்மா:

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. எல்லாத்தையும் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டினன். ஜி தந்தி, பஸூன், வியோலா மூண்டையும் தன்ர கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா. தம்பியிட்டச் சொல்லி ரிக்கெற்றும் எடுக்கப் போறம்.

இன்னும் ரெண்டு கேள்வி. போறதுக்கு முதல் இதுகளை ஃபோன்ல கேக்கிறது நல்லதோ, இல்லாட்டி புதுசாப் போய்க் கேக்கிறதோ? மற்றது, எந்தப் பக்கம் இருக்கிறது? முன் வரிசை விலை கூட. ஐயா, இதையும் கேக்கச் சொல்லுறா, ஒருக்கா நிண்டுகொண்டு நாடியில வைச்சுப் பாக்கலாமோ எண்டு.

தந்தி நாலு:

வைச்சுப் பாக்கட்டும். பாவம், ஆசைக்கு என்ன. திறந்த தந்தியை மட்டும் நீளமா வில்லுப் போட்டுப் பாக்கட்டும், விரல் வைக்கவேண்டாம், பழகாத பிடியில கழுத்து இறுகும். சோதினை முடிஞ்ச பிறகு விரும்பினால் அந்த முறை தெரிஞ்ச ஒருத்தரிட்ட முறையாக் கேக்கலாம். கச்சேரியில வலது கையைப் பாக்கச் சொல்லுங்கோ. முதல் மூவ்மென்ட்டின்ர நடுவில ஓர்கெஸ்ட்ரா நிண்டு தனி வயலின் மட்டும் வாசிக்கிற இடம் வரும், கடென்சா எண்டு சொல்லுறது. முந்தி அதை வாசிக்கிறவரே மனோதர்மமா வாசிச்சவை, மென்டல்சன் முழுக்க எழுதியே குடுத்திட்டார், வழக்கமா மூவ்மென்ட்டின்ர கடைசியில வாறதை நடுவுக்கும் கொண்டுவந்திட்டார். அது முடியிற இடத்தில வில்லு நாலு தந்தியிலயும் துள்ளித் துள்ளிப் போகும், அழுத்துறதில்லை, விழ விட்டு அது தானாத் துள்ளுறது. அப்பிடித் துள்ளிக்கொண்டிருக்கேக்கயே ஓர்கெஸ்ட்ரா முதல் மெட்டோட உள்ளுக்க வரும், தனி வயலின் நிப்பாட்டாது, அப்பிடியே பக்கவாத்தியமா மாறிவிடும்.

உடுவில் குயில்:

மென்டல்சனை மட்டும் ஒருக்காக் கேட்டிட்டுப் போங்கோ, 27 நிமிசம் அளவில தான் வரும். ஏழாவதைக் கேக்கவேண்டாம். அந்த ரெண்டாவது மூவ்மென்ட்டை முதல் தரம் நேரில கேக்கிற வாய்ப்பு ஒராளுக்கு ஒருக்காத் தான், அதை ஃபோன் ஸ்பீக்கரில செலவழிக்கக் கூடாது.

வெள்ளவத்தைப் பெடியன்:

அக்கா முன் வரிசை வேண்டாம், காசும் மிச்சம். முன்னால இருந்தால் முதல் வயலின்காரற்ற முதுகும் ஸ்டாண்டும் தான் தெரியும், பின்னால குழல்காரர் ஆரெண்டே தெரியாது, பஸூன் எல்லாம் நடுவில பின்னுக்குத் தான் இருக்கும். நடுவிலயோ பின்னுக்கோ கொஞ்சம் உயரமான இடமாப் பாருங்கோ, மாடி இருந்தால் மாடி. தனி வாசிக்கிறவர் கொண்டக்டருக்கு இடது பக்கம் நிப்பார், எங்க இருந்தாலும் அவரைத் தெரியும். குளிர் கூடவா இருக்கும், பிள்ளைக்குத் தடிச்ச உடுப்பு ஒண்டு கொண்டுவாங்கோ. கொன்சேர்ட்டோ முடிய சனம் விடாமத் தட்டினால் அவர் திரும்பி வந்து தனிய ஒண்டு வாசிக்கக்கூடும், அதால உடன எழும்பாதேங்கோ.

இடைவேளையில கடலை வாங்கப் போகாம மேடைக்குக் கிட்ட ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. ரெண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், நோட்டு திறந்தபடி கிடக்கும், அதில வில்லு மேல போறதோ கீழ வாறதோ எண்டு பென்சிலால குறி போட்டிருப்பினம், ஒரே வரிசையில இருக்கிற எல்லாற்ற வில்லும் ஒரே பக்கம் போறது அதால தான். மகளுக்கு அதைக் காட்டுங்கோ.